குறைந்த சம்பளம்: எதனோடு ஒப்பிட்டுக் குறைவு?

ஆண்டுக்கு 2 லட்சத்து 52 ஆயிரம் ரூபாய். 2024 ஆகஸ்டில் நாடெங்கும் பேசப்பட்ட எண் இது. காக்னிசன்ட் நிறுவனம் புதிய பட்டதாரிகளுக்கு அறிவித்த தொடக்க ஊதியம் அவ்வளவுதான் என்று செய்தி பரவியதும் சமூக ஊடகங்களில் கேலி பெருகிற்று. மூன்றாண்டுப் பட்டம் பெற்ற, பொறியியல் படிக்காதவர்களுக்கு உரிய ஊதியமே அது என்றும், பொறியியல் பட்டதாரிகளுக்கு 4 லட்சம் முதல் 12 லட்சம் வரை வழங்கப்படுகிறது என்றும் நிறுவனம் விளக்கம் தந்தது. கேலியைப் படித்தவர்கள் பலர். விளக்கத்தைப் படித்தவர்கள் சிலரே. ஆனால் அந்த மூன்றாண்டுப் பட்டதாரிகள்தாம் நம் கவனத்துக்கு உரியவர்கள். இயற்பியலும் வணிகவியலும் கணினிப் பயன்பாடும் பயின்று, கையில் ஒரு பட்டத்தோடும் மின்னஞ்சலில் ஒரு நியமனக் கடிதத்தோடும் நிற்கும் பிள்ளைகளும், அவர்களின் பெற்றோரும் நம் வாசகர்களில் கணிசமாக இருக்கின்றனர்.

மாதக் கணக்கில் அது 21,000 ரூபாய். இதை ஏற்கலாமா, கூடாதா? எல்லா ஊர்களுக்கும் பொதுவான இக்கேள்வியை நெய்யாற்றின்கரை வட்டத்தின் தெற்கு மூலையிலுள்ள குளத்தூரில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். பொழியூர்க் கடற்கரையும் உச்சக்கடைச் சந்திப்பும் அடங்கிய இந்த ஊராட்சியிலும், அடுத்துள்ள பாறசாலைச் சிற்றூர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியில் வேறு ஊர்களில் காணப்படாத ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கொல்லங்கோட்டில் ஓர் அண்ணன் வீடும் குளத்தூரில் தம்பி வீடும் இருந்தால், அவை இரண்டு மாநிலங்களில் இருக்கின்றன. இரண்டு கூலிச் சந்தைகளிலும் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலங்கள் பற்றிய புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23ஆம் ஆண்டில் கேரளச் சிற்றூர்களில் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி 852 ரூபாய் 50 காசு. தமிழ்நாட்டில் அது 500 ரூபாய் 90 காசு. நாடு முழுமைக்குமான சராசரியோ 393 ரூபாய்தான்.

மாதத்துக்கு 25 நாள் வேலை என்று வைத்துப் பெருக்கிப் பார்ப்போம். கேரளத்துக் கட்டுமானத் தொழிலாளிக்கு 21,312 ரூபாய் வருகிறது. பன்னாட்டு நிறுவனம் பட்டதாரிக்குத் தரும் மாதச் சம்பளமும் ஏறத்தாழ அதுவே. எல்லைக்கு அப்பால் அதே பெருக்கல் 12,522 ரூபாயில் நின்றுவிடுகிறது. ஆகவே ஒரே நியமனக் கடிதம் அண்ணன் வீட்டில் முன்னேற்றமாகவும் தம்பி வீட்டில் அவமானமாகவும் வாசிக்கப்படுகிறது. "இந்தச் சம்பளத்துக்கா மக்களே இவ்வளவு படிச்சே?" என்று குளத்தூர்த் திண்ணையில் எழும் கேள்விக்குப் பின்னால் இருப்பது வறட்டுக் கௌரவம் மட்டுமன்று, ஒரு நேர்மையான கணக்கும் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குக் காலம் தெரியவில்லை என்று பிள்ளைகள் தள்ளிவிடுவதும், கணக்குக்குள் புகாமலே 'எதையாவது பிடித்துக்கொள்' என்று அறிவுரை கூறுவதும் பயன் தரா.

ஆயினும் அந்தக் கணக்கு பாதிக் கணக்கே. கொத்தனாருக்கும் கையாளுக்கும் மாதம் தவறாமல் 25 நாள் வேலை அமைவதில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆக இரண்டு மழையும் பெய்கின்ற நிலம் இது. ஜூனில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை வேலை முடங்கும். ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டும் அப்படியே. நாட்கூலியில் பெரும்பாலும் வைப்புநிதி இல்லை. விழுந்து எலும்பு முறிந்தால் அந்த மாதத்துக்கு வருமானமும் இல்லை. ஐம்பது வயதில் ஒருவர் வாங்கும் கூலி, அவர் முப்பது வயதில் தேர்ந்த கைக்காரராக இருந்தபோது கிடைத்ததைவிட வேலையளவில் கூடிவிடுவதில்லை. உடல் தேய்வதுதான் கூடுகிறது. கைத்தொழிலைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தனுவச்சபுரம் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி கற்று வெளிவரும் இளைஞர், ஒரு பட்டதாரியைவிட விரைவாகவும் உறுதியாகவும் நிலைபெறக்கூடும். நாம் சொல்வது இவ்வளவே: முதல் மாதத்தை முதல் மாதத்தோடு ஒப்பிடுவது தவறான ஒப்பீடு. ஐந்தாம் ஆண்டை ஐந்தாம் ஆண்டோடு ஒப்பிட வேண்டும்.

ஐந்தாம் ஆண்டில் என்ன கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் உண்டா? இல்லை. பெரிய தகவல்தொழில்நுட்ப நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் தொகை பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு 3 லட்சம், 3.6 லட்சம் என்ற அளவிலேயே நின்றுவிட்டது. அதே காலத்தில் வாடகையும் அரிசியும் பேருந்துக் கட்டணமும் நிற்கவில்லை. விண்ணப்பிப்போர் மிகுதியாக இருக்கும்வரை சம்பளத்தை உயர்த்த நிறுவனங்களுக்குத் தேவை எழவில்லை என்பதே வெளிப்படையான காரணம். ஆகவே தொடக்க ஊதியம் குறைவு என்ற கோபம் நியாயமானது. ஆனால் ஒரு வேலையை ஏற்பது, அதன் சம்பளம் நியாயமானது என்று கையெழுத்திட்டுத் தருவதாகாது. இதற்குக் கேரளத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் பல்லாண்டுகள் மிகச் சொற்பமான ஊதியத்தில் உழைத்தனர். அவர்கள் அமைப்பாகத் திரண்டு, வேலைநிறுத்தம் செய்தனர். 2016இல் உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதலும் வந்தது. 2018 ஏப்ரலில் கேரள அரசு அவர்களின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை 20,000 ரூபாயாக நிர்ணயித்து அறிவிக்கை வெளியிட்டது. அதை வென்றவர்கள் வேலைக்குள் இருந்தவர்கள். வெளியே நின்று மறுத்தவர்களால் அது இயன்றிருக்காது.

குறைவாகத் தொடங்குவோர் பிற்பாடு ஈடுகட்ட முடிகிறதா என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. கனடா நாட்டுப் பட்டதாரிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து, 2012இல் வெளியான ஓர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. மந்த நிலைக் காலத்தில் பட்டம் பெற்றவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்த வருமானத்தில் தொடங்கினர். ஐந்தாண்டுகளில் அந்த இடைவெளி பாதியானது, பத்தாண்டுகளில் மறைந்தது. எப்படி மறைந்தது என்பதே முக்கியம். முதலில் கிடைத்த சிறிய நிறுவனத்திலேயே தங்கிவிடாமல், படிப்படியாக மேலான நிறுவனங்களுக்கு மாறியவர்கள்தாம் மீண்டனர்.

ஜப்பானின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. 1990களின் தொடக்கத்திலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை அங்கே பட்டம் பெற்றவர்களை 'வேலைவாய்ப்புப் பனிக்காலத் தலைமுறை' என்கிறார்கள். அங்குப் பெரிய நிறுவனங்கள் படித்து முடித்த உடனே ஆளெடுப்பதே வழக்கம். அந்த ஒரு வாயிலைத் தவறவிட்டவர்கள் தற்காலிக வேலைகளுக்குள் போனார்கள்; பலருக்கு அதிலிருந்து வெளியேறும் கதவு திறக்கவே இல்லை. 2019இல், அவர்கள் நாற்பது வயதை எட்டிவிட்ட நிலையில், அரசு தனித் திட்டம் வகுத்து உதவ வேண்டியதாயிற்று.

இரு நாடுகளிலும் முதல் ஊதியம் குறைவுதான். வேறுபாடு, அங்கிருந்து நகர முடிந்ததா என்பதில் இருக்கிறது. எனவே நியமனக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி 'எவ்வளவு தருகிறார்கள்' என்பதன்று; 'இரண்டாண்டு கழித்து இங்கிருந்து எங்கே போக முடியும்' என்பதே. ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வரிப் படிவங்களைத் தாக்கல் செய்யக் கற்றவருக்கு அடுத்த வேலை உண்டு. மென்பொருள் சோதனை கற்றவருக்கு உண்டு. நாள் முழுதும் தொலைபேசியில் ஒரே வாக்கியத்தைச் சொல்லும் வேலையில், மூன்றாம் மாதத்துக்குப் பிறகு கற்க ஏதும் இல்லையெனில், அதே 21,000 ரூபாய் உண்மையிலேயே குறைந்த சம்பளம். இன்னொன்றையும் சொல்லலாம். விழிஞம் துறைமுகம் 2025 மே 2ஆம் நாள் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. குளத்தூரிலிருந்து பெரிய தொலைவில்லை. சரக்குக் கையாளுதல், சுங்க ஆவணம் ஆகியவற்றில் இன்று சிறு சம்பளத்துக்குத் தொடங்குபவர், வளரும் தொழிலின் வாசலில் நிற்கிறார் என்றே நாம் கருதுகிறோம்.

இனிக் கைக்கு வரும் பணம். 'ஆண்டுக்கு 2.52 லட்சம்' என்பது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு என்றால், அதற்குள் நிறுவனத்தின் வைப்புநிதிப் பங்கும் அடங்கியிருக்கும். எடுத்துக்காட்டாக, அடிப்படைச் சம்பளம் 12,000 என்று கொள்வோம். வருங்கால வைப்புநிதிக்குத் தொழிலாளர் பங்கு 12 விழுக்காடாகிய 1,440. நிறுவனத்தின் பங்கும் அவ்வளவே. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு நிறுவனம் 3.25 விழுக்காடும் தொழிலாளர் 0.75 விழுக்காடும் செலுத்துவர். இவை போகக் கைக்கு வருவது 17,300 ரூபாய் அளவில் இருக்கும். பிடித்தத்தைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். வைப்புநிதியின் பொது எண், வேலை மாறினாலும் கூடவே வரும். பணிக்காலம் பத்தாண்டைத் தொட்டால் ஓய்வூதியத் தகுதி உண்டு. இந்தச் சிறிய வேலையின் மாதங்களும் அந்தப் பத்தாண்டில் அடங்கும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்குரிய அரசுக் காப்பீட்டில், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோரின் மருத்துவமும் சேர்கிறது. நாட்கூலியோடு ஒப்பிடும்போது பெரும்பாலான குடும்பங்கள் சேர்க்க மறக்கும் வரவு இது.

செலவுப் பக்கத்துக்கு வருவோம். திருவனந்தபுரத்தில் இரண்டு குளத்தூர்கள் உள்ளன. ஒன்று கழக்கூட்டத்தை அடுத்து, 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கின் அருகிலேயே இருக்கிறது. மற்றது எல்லையோரத்து நம் குளத்தூர். பெயர் ஒன்று, இடைத் தொலைவு நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். அந்தக் குளத்தூர்ப் பிள்ளை நடந்து போகும் வேலைக்கு இந்தக் குளத்தூர்ப் பிள்ளை பாறசாலைக்குப் பேருந்து, அங்கிருந்து ரயில், மறுபடி பேருந்து என்று நாளுக்கு மூன்று, நான்கு மணி நேரம் செலவிட வேண்டும். சீசன் டிக்கெட்டின் விலை பெரிதன்று, நேரம் பெரிது. ஆனாலும் வீட்டில் தங்கிச் சென்றுவர முடிகிற 17,300 ரூபாயும், பெங்களூரில் விடுதிக்கும் உணவுக்கும் 10,000 கொடுத்தபின் மிஞ்சும் 7,300 ரூபாயும் ஒன்றல்ல. வெளியூரில் 25,000 தரும் வேலையைவிடத் திருவனந்தபுரத்தில் 19,000 தரும் வேலை சேமிப்பில் மேலானதாக முடியலாம். தொகையின் பெருமையைப் பார்த்துப் புறப்பட்டுப் போனவர்கள், வீட்டிலிருந்து மாதந்தோறும் பணம் வரவழைக்கும் நிலைக்கு ஆளாவது கிளைகளில் வழக்கமாகக் காணும் காட்சி.

கல்விக் கடன் உள்ள வீட்டில் கணக்கு இன்னும் இறுகும். 4 லட்சம் ரூபாய்க் கடன், வட்டி 10 விழுக்காடு என்று கொண்டால், 15 ஆண்டுத் தவணை மாதத்துக்கு 4,298 ரூபாய். 10 ஆண்டுத் தவணை 5,286 ரூபாய். பெங்களூர் விடுதியில் மிஞ்சிய 7,300 ரூபாயில் முதல் தவணையைக் கட்டினால் 3,000 ரூபாய் கையில் நிற்கும். நெருக்கடிதான், ஆனால் மூழ்கடிக்கும் நெருக்கடியன்று. மாறாக, காத்திருப்பதற்கும் விலை உண்டு. அதே கடனுக்கு ஆண்டு வட்டி 40,000 ரூபாய். அதாவது வேலையில்லாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் 3,333 ரூபாய் ஓசையின்றிக் கடனில் ஏறுகிறது. வேலையை மறுத்து ஓராண்டு காத்திருந்து, பின் மாதம் 4,000 ரூபாய் கூடுதலாகப் பெறும் வேலையில் சேர்ந்தால், இழந்த 2 லட்சத்துச் சொச்சத்தை ஈடுகட்டவே நான்காண்டுக்கு மேல் ஆகும்.

காத்திருப்பவர்களில் பெரும்பகுதியினர் பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள். எல்.டி. கிளார்க் பதவிக்கு 2019ஆம் ஆண்டு ஊதியத் திருத்தப்படி அடிப்படைச் சம்பளம் 26,500 ரூபாய். அதை விரும்புவதில் பிழையில்லை. தரவரிசைப் பட்டியலில் பெயர் வந்தும் நியமனத்துக்காக ஆண்டுகள் கடப்பது இங்கே எல்லார்க்கும் தெரிந்த கதை. வேலை பார்த்துக்கொண்டே படிப்பது கடினம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் தேர்வுக்காக வேலையை மறுப்பவர், எத்தனை தேர்வு, எந்த வயது வரை என்று தொடக்கத்திலேயே ஓர் எல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லையில்லாத தயாரிப்பு, தயாரிப்பென்ற பெயருக்கு உரியதன்று.

எந்த வேலையை மறுக்க வேண்டும்? இதில் நம் கருத்து கண்டிப்பானது. பயணமும் உணவும் உறைவிடமும் போக ஒன்றும் மிஞ்சாமல், வீட்டுப் பணத்தை எதிர்பார்க்க வைக்கும் வேலை, அது எதையேனும் கற்பித்தாலன்றி, வேலையே அன்று. கற்பித்தாலும் அதற்கு ஆறு மாதமோ ஓராண்டோ ஒரு முடிவு நாள் கடிதத்தில் இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம், சேருவதற்கு வைப்புத்தொகை கேட்கும் இடம், நடுவில் விலகினால் லட்சக்கணக்கில் கட்ட வேண்டுமென்று பத்திரம் எழுதி வாங்கும் இடம் ஆகியவற்றை, சம்பளம் எவ்வளவாயினும் விலக்கிவிடலாம். நகர முடிவதே குறைந்த சம்பளத்தின் ஒரே மருந்து என்றோம். இவை மூன்றும் அந்தக் கதவைத்தான் முதலில் பூட்டுகின்றன.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. மத்திய அரசின் தொழிலாளர் திறன் கணக்கெடுப்பு, 2023-24இல் கேரளத்தில் 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களில் வேலையின்மை 29.9 விழுக்காடு என்று காட்டிற்று. ஆண்களில் அது 19.3, பெண்களில் 47.1. வேலை தேடும் இளம்பெண்களில் ஏறக்குறைய இருவரில் ஒருவருக்கு வேலை இல்லை. தேர்ச்சி விகிதத்தில் பெண்களே முன்னிற்கும் மாநிலத்தில் இந்த நிலை. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மகனுக்கு வரும் 21,000 ரூபாயைத் 'தொடக்கம்' என்றும், மகளுக்கு வரும் அதே தொகையைப் 'பஸ் கூலிக்குத்தான் காணும்' என்றும் சொல்லும் நாக்கு ஒன்றே. திருமணம் வரை தானே என்ற எண்ணத்தில் மறுக்கப்படும் முதல் வேலை, முப்பத்தைந்து வயதில் அவள் மீண்டும் வேலை தேடும்போது 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் வெறுமையாக வந்து நிற்கும். மகளின் கடிதத்தையும் மகனின் கடிதத்தையும் ஒரே கணக்கில் எடைபோடும் பெற்றோர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வீட்டாரும் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

குறைந்த சம்பளத்தை வெறுத்தவர்களைத் தேடி வேறொரு கூட்டமும் வருகிறது. கம்போடியாவிலும் மியான்மரிலும் கணினித் தரவுப் பதிவு வேலை, பெரும் சம்பளம் என்று அழைத்துச் செல்லப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட இந்திய இளைஞர்களை அரசு மீட்டுக் கொண்டுவந்ததை அண்மை ஆண்டுகளில் செய்திகளில் பார்த்தோம். வெளிநாட்டு வேலை என்றால் இடைத்தரகர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்பதை 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்க்காமல் ஒரு ரூபாயும் தர வேண்டாம். உள்ளூரிலேயே இன்னொரு வலை உண்டு: உங்கள் வங்கிக் கணக்கைச் சில நாள் பயன்படுத்தக் கொடுங்கள், வரும் தொகையில் பங்கு தருகிறோம் என்பார்கள். வருவது திருட்டுப் பணம். கணக்கு முடக்கப்படும், வழக்கு கணக்கின் உரிமையாளர் மீதுதான் வரும். வேலைக்குப் போகாமலே மாதம் சில ஆயிரம் என்று தோன்றும் இந்த வருமானத்துக்கு முன், நேர்மையான 21,000 ரூபாயை யாரும் குறைவென்று சொல்ல மாட்டோம்.

வேலையை ஏற்பதென்று முடிவு செய்தவர்களுக்கு நம் தொழில் சார்ந்த சில சொற்கள். பெரும்பாலான கல்விக் கடன்களில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்குவதில்லை. முதல் தவணை வரும்வரை காத்திருந்து, கட்ட முடியாமல் போனபின் கிளைக்கு வருபவர்களே அதிகம். அதற்குள் கடன் மதிப்பெண்ணில் பிழை ஏறிவிடுகிறது. நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். சேர்ந்த முதல் மாதத்திலேயே நியமனக் கடிதத்தோடு வந்தால், சம்பளத்துக்கு ஏற்பத் தவணைக் காலத்தை விதிகளுக்குட்பட்டு நீட்டிக்க வழி உண்டா என்று பேசலாம். பதினைந்தாண்டுத் தவணையில் மொத்த வட்டி பத்தாண்டைவிட ஏறத்தாழ 1 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய் கூடுதல் என்பதை மறைக்க மாட்டோம். சம்பளம் உயர்ந்தபின் கூடுதலாகக் கட்டி அதைக் குறைத்துக்கொள்ளலாம். தவணையைத் தவறவிட்ட தழும்பு அவ்வளவு எளிதில் குறைவதில்லை.

முதல் சம்பளம் வந்த மாதத்திலேயே மோட்டார் சைக்கிள் கடனுக்கு விண்ணப்பம் கொண்டுவருபவர்களும் உண்டு. கடன் தருவது எங்கள் தொழில்தான். ஆயினும் கல்விக் கடன் தவணை ஆறேழு மாதம் ஒழுங்காகப் போன பிறகு வாருங்கள் என்றே அவர்களிடம் சொல்வோம். வரும்போது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு போதும்.